தவணைக்குக் கூட்டம் உண்டு, இதற்கு இல்லை

செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு எங்கள் சந்தில் கூட்டம் நடக்கும். ஒரு வீட்டு வாசலில் பாய் விரித்துப் பத்துப் பெண்கள் உட்காருவோம். ஐந்து ஐந்து பேராக இரண்டு குழு. பைக்கில் வரும் தம்பி நோட்டைத் திறந்து பேர் கூப்பிடுவார். ஒருத்தியின் தவணையில் இருநூறு ரூபாய் குறைந்தாலும் மற்ற நால்வரும் எழுந்து போக முடியாது. யாராவது மஞ்சள் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்து ஈடுகட்டிய பிறகுதான் மில் பஸ்ஸுக்கு ஓட வேண்டும். மூன்று வருடம் நான் அந்தப் பாயில் உட்கார்ந்திருக்கிறேன். எதற்காகக் கடன் வாங்கினாய் என்று கேட்டால் பையனுக்கு பீஸ், மாமனாருக்கு ஆபரேஷன், வீட்டுக்கு ஓடு மாற்றினோம் என்று சொல்வோம். நானும் அப்படித்தான் சொன்னேன். என் வீட்டுக்காரர் போனில் ரம்மி ஆடித் தோற்ற பணத்தை அடைக்க வாங்கினேன் என்று சொல்லவில்லை. எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் அதையே மறைத்துக்கொண்டிருந்தார்கள் என்று பின்னால்தான் தெரிந்தது.

இந்தக் கட்டுரை அந்தப் பாயைப் பற்றியது. பெண்களை வாரம் தவறாமல் ஓரிடத்தில் கூட்டி உட்கார வைக்க முடியும் என்று வட்டிக்காரர்கள் நிரூபித்துவிட்டார்கள். உடுமலையிலும் மடத்துக்குளத்திலும் பல்லடத்திலும் திருப்பூரிலும் ஒரு வாரத்தில் இப்படி எத்தனை கூட்டம் நடக்கிறது என்பது தெருவில் நடந்தாலே தெரியும். சூதாட்ட அடிமைத்தனத்திலிருந்து மீள நினைப்பவர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் ஒன்றாக உட்கார்ந்து பேச மட்டும் இடம் இல்லை. பெண்கள் வாய் திறக்காமல் கடனை அடைத்துக்கொண்டிருக்கும் வரை அப்படி ஓர் இடம் யாருக்கும் தேவைப்படவில்லை என்பதே காரணம் என்கிறேன்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். சனிக்கிழமை சம்பளம். குடிக்க மாட்டார், சிகரெட் தொட மாட்டார். குடி என்றால் வாசனை காட்டிக்கொடுக்கும், நடை காட்டிக்கொடுக்கும். இது போர்வைக்குள் எரியும் போன் வெளிச்சம் மட்டும்தான். கம்பெனி வாட்ஸ்அப் என்பார். இரண்டு வருடத்தில் நாலரை லட்சம் போனது. என் ஒன்பது பவுனும் அதில் சேர்ந்தது. எனக்குத் தெரிந்த அன்று மாமியார் கேட்டார்: "குடிக்கறானா? இல்ல. கூத்தியா வெச்சிருக்கறானா? அதும் இல்ல. போன்ல வெளையாடறான். நீதான் கண்ணு சூதானமா இருந்திருக்கோணும்."

சூதானம். அந்தச் சொல்லுக்குள்ளேயே சூது இருக்கிறது. ஆண் ஆடலாம், பெண் சூதானமாக இருக்க வேண்டும். அவன் தோற்றால் அவள் கவனிக்கவில்லை என்று ஆகும். சம்பளக் கவரை வாங்கி வைக்க வேண்டும், ஏடிஎம் கார்டை ஒளிக்க வேண்டும், கம்பெனி முதலாளியிடம் போய் முன்பணம் கொடுக்காதீர்கள் என்று கெஞ்ச வேண்டும். காவல் வேலை முழுவதும் எங்களுக்கு. அதற்குக் கூலியும் இல்லை, அதிகாரமும் இல்லை.

உதவி தேடிப் போனேன். முதலில் ஒரு போதை மீட்பு மையம். வரவேற்பில் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, "குடியா, கஞ்சாவா?" சீட்டு என்றேன். "அதுக்கு இங்க சேக்கறதில்லைங்க, ஜாதகம் பாத்தீங்களா?" என்றார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் சூதாட்டக் கோளாறு குடியோடும் போதைப்பொருளோடும் ஒரே அதிகாரத்தில் இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013-லேயே அதை அடிமைத்தன நோய்களோடு சேர்த்துவிட்டது. இந்தச் செய்தி அந்த வரவேற்பு மேசைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

பிறகு குடியிலிருந்து மீண்டவர்கள் பக்கத்து ஊரில் நடத்தும் ஒரு கூட்டத்தைக் கேள்விப்பட்டு அவரை அனுப்பினேன். நல்ல மனிதர்கள். வேறு பழக்கம் என்றாலும் பரவாயில்லை, உட்காருங்கள் என்றார்கள். இரவு ஏழு மணிக்குக் கூட்டம். பதினைந்து ஆண்கள். நான் வெளியே ஸ்கூட்டர் பக்கத்தில் ஒன்றரை மணி நேரம் நின்றேன். உள்ளே ஒருவர் தன் வாழ்க்கையைச் சொல்லி அழுவதும் மற்றவர்கள் கைதட்டுவதும் கேட்டது. மனைவி நகையை விற்றதையும் அவர் சொன்னார். அதற்கும் கைதட்டல். அந்த மனைவி அப்போது எங்கே நின்றுகொண்டிருந்தாரோ தெரியாது.

நான் கசப்பில் சொல்வதாக நினைக்க வேண்டாம். அந்தக் கூட்டங்கள் வேலை செய்கின்றன. ஆடிய ஒருவன் சொன்னால்தான் ஆடுகிறவன் நம்புவான். டாக்டர் சொன்னால் அறிவுரை, மனைவி சொன்னால் நச்சரிப்பு. தன்னைப் போலவே விட்டதைப் பிடிக்கப் போய் மேலும் விட்டவன் எதிரே உட்கார்ந்து, "நானும் அந்த ராத்திரி அப்படித்தான் நெனச்சேன்" என்று சொல்லும்போது மட்டும் பொய் சொல்ல வழியில்லாமல் போகிறது. என் கணவர் முதல் முறையாக மொத்தக் கடனையும் வாய்விட்டுச் சொன்னது அந்த அறையில்தான்.

ஆனால் வெளியே நிற்பவளுக்கு என்ன என்பது என் கேள்வி. இது புதிய கேள்வியும் இல்லை. அமெரிக்காவில் 1935-இல் குடியிலிருந்து மீள்வோரின் குழு தொடங்கியது. கணவர்களின் கூட்டம் முடியும் வரை காத்திருந்த மனைவிகள் தங்களுக்குள் பேச ஆரம்பித்து, 1951-இல் குடும்பத்தினருக்கான தனி அமைப்பானார்கள். சூதாட்டத்திலிருந்து மீள்வோரின் குழு 1957-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கியது. மூன்று வருடத்தில் அவர்கள் வீட்டாருக்கும் தனிக் குழு வந்துவிட்டது. நம் பக்கத்திலும் முன்னுதாரணம் இருக்கிறது. சென்னையில் சாந்தி ரங்கநாதன், கணவர் குடியால் இறந்த பிறகு, 1980-இல் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். குடிப்பவருக்கு மட்டும் சிகிச்சை கொடுத்தால் போதாது, வீட்டாருக்கும் வேண்டும் என்பதை அங்கே சிகிச்சையின் பகுதியாகவே வைத்தார்கள். காத்திருந்த பெண்களும் கணவனை இழந்த பெண்ணும்தான் இந்த அறிவை உண்டாக்கினார்கள். ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றபோது எனக்கு இது தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றிருப்பேன்.

அந்த அமைப்புகளின் முறையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லவில்லை. பன்னிரண்டு படிகளில் முதல் படி, இந்தப் பழக்கத்தின் முன் நான் சக்தியற்றவன் என்று ஒப்புக்கொள்வது. வீட்டாருக்கான குழுக்களிலும் முதல் படி அதுதான். ஊரில் தலைநிமிர்ந்து திரிந்த ஆணுக்கு அது நல்ல மருந்து. பிறந்ததிலிருந்து நீ சக்தியற்றவள் என்று கேட்டே வளர்ந்தவளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு கூட்டம் எதற்கு? இதே கேள்வியோடுதான் அமெரிக்காவில் ஜீன் கிர்க்பாட்ரிக் 1970-களின் நடுவில் பெண்களுக்கென்று தனி மீட்புக் குழுவைத் தொடங்கினார். எங்களுக்குத் தேவையான முதல் படி வேறு: எதெல்லாம் என் தப்பில்லை, எதெல்லாம் என் கையில் இருக்கிறது என்று இரண்டு பத்தியாக எழுதிப் பார்ப்பது.

அடுத்தது பெயர் சொல்லாமல் இருப்பது. பெருநகரத்தில் அது முடியும். உடுமலையில் ஒரு அறைக்குள் நுழைந்த இரண்டாவது நிமிடம் "நீங்க யாரு வூட்டுப் பொண்ணு?" என்று கேட்டுவிடுவார்கள். அதற்குப் பதில் சொன்னால் சாதி தெரியும், தெரு தெரியும், மாமனார் பேர் தெரியும். இந்த ஊரில் கௌரவம் என்ற சொல்லின் விலை என்ன என்று 2016 மார்ச் 13-ஆம் தேதி பட்டப்பகலில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் சங்கரை வெட்டியபோது எல்லோரும் பார்த்தோம். கௌசல்யா உயிர் பிழைத்துப் பேசினார். பெரும்பாலான வீடுகளில் கௌரவம் அரிவாளோடு வருவதில்லை. "வெளிய சொல்லாத சாமி, உன்ற தங்கச்சிக்கு வரன் பாக்கோணும்" என்று தணிந்த குரலில் வருகிறது. குடும்ப மானம் என்று பேர் வைத்து, கடனைப் பெண்ணின் தலையில் கட்டி, வாயையும் கட்டுவது அது. சூதாட்டம் வளர்வதற்கு இதைவிட நல்ல உரம் இல்லை.

வள்ளுவர் 'சூது' என்று ஒரு முழு அதிகாரம் வைத்திருக்கிறார் என்று மேடையில் எல்லோரும் சொல்வார்கள். அதற்கு முன்னால் என்ன வைத்திருக்கிறார் என்று பாருங்கள். பெண்வழிச்சேறல், வரைவின் மகளிர், கள்ளுண்ணாமை, பிறகு சூது. ஆணைக் கெடுப்பவற்றின் வரிசையில் பெண்ணும் ஒரு பொருள். அந்த வரிசை இன்றும் மாறவில்லை. பொண்டாட்டி சரியில்லை, அதனால் ஆடுகிறான் என்பார்கள். ஆனால் சூதுக்கு அடுத்து அவர் வைத்த அதிகாரம் 'மருந்து'. அதை மேடையில் யாரும் சொல்வதில்லை.

பாஞ்சாலியும் அப்படித்தான். ஒவ்வொரு திரௌபதி அம்மன் கோயிலிலும் அவள் விரித்த கூந்தலைக் கும்பிடுகிறோம். சபையில் அவள் கேட்டது ஒரு சட்டக் கேள்வி: தன்னையே தோற்றவனுக்கு என்னை வைத்து ஆட என்ன உரிமை? அந்தக் கேள்விக்கு இன்று பதில் இருக்கிறது. மனைவியின் ஸ்திரீதனம் முழுக்க அவளுடைய சொத்து, கணவனுக்கு அதில் உரிமை இல்லை, அவசரத்துக்கு எடுத்தாலும் திருப்பித் தரும் கடமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் மறுபடியும் சொல்லியிருக்கிறது. அவளுடைய நகையை விற்பதும் வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் இருப்பதும் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி பொருளாதார வன்முறை. பந்தயம் கட்டி ஏற்பட்ட ஒப்பந்தம் செல்லாது என்று 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. நாம் கையெழுத்துப் போடாத கடனுக்கு நாம் பொறுப்பில்லை. இந்த நான்கு செய்தியும் எனக்கு ஒன்பது பவுன் போன பிறகு தெரிந்தது. போவதற்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டிய இடம் அந்தப் பாய்தான்.

அரசு ஒன்றும் செய்யவில்லையா என்று கேட்கலாம். செய்தது. நடந்ததை வரிசையாகப் பார்ப்போம். 1968-இல் இதே அரசுதான் பரிசுச்சீட்டைத் தொடங்கியது. 2003 ஜனவரியில் லாட்டரியைத் தடை செய்தார்கள், அதே வருட நவம்பரில் மதுக்கடைகளை அரசே எடுத்துக்கொண்டது. லாட்டரியும் போய்விடவில்லை. கேரளச் சீட்டின் கடைசி மூன்று எண்ணை வைத்து ஆடும் 'மூணு நம்பர்' இன்றும் டீக்கடை ஓரத்தில் துண்டுச் சீட்டில் நடக்கிறது. கேரள எல்லை எங்களுக்கு மலைக்கு அந்தப் பக்கம்தான். 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு நகைத் தொழிலாளி இந்த மூன்று நம்பரில் எல்லாவற்றையும் இழந்தபோது அவரோடு மனைவியும் மூன்று பெண் குழந்தைகளும் போனார்கள். அந்தக் குழந்தைகள் எந்தச் சீட்டையும் வாங்கவில்லை.

பிறகு ஆன்லைன். 2020 நவம்பரில் அவசரச் சட்டம், 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 ஜூனில் மணலியில் ஓர் இளம் தாய், தன் நகைகளை விற்றும் உடன்பிறந்தவர்களிடம் வாங்கியும் ரம்மி ஆடி, கடைசியில் உயிரை விட்டார். நீதிபதி சந்துரு தலைமையில் குழு வந்தது. அக்டோபரில் சட்டம், 2023 மார்ச்சில் ஆளுநர் திருப்பி அனுப்பினார், ஏப்ரலில் ஒப்புதல், நவம்பரில் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு, தடை அவற்றுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பு. 2023 அக்டோபரிலிருந்து ஒன்றிய அரசு ஆன்லைன் பண விளையாட்டுகளுக்கு 28 சதவீத ஜிஎஸ்டி வாங்கியது. 2025 பிப்ரவரியில் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக் கூடாது என்று தமிழக விதி. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் விளையாட்டையும் தடை செய்தது. நடத்துகிறவருக்கு மூன்று வருடம் வரை சிறை, ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை. அந்தக் கடைசிச் செய்தி நல்லது. ஆடுகிறவன் குற்றவாளி இல்லை, நோயாளி என்று சட்டம் ஏற்றுக்கொண்டது போலத்தான் அது.

நோயாளி என்றால் மருந்து எங்கே? திறமையா அதிர்ஷ்டமா என்று ஐந்து வருடம் வழக்காடினார்கள். அந்த ஐந்து வருடத்தில் எங்கள் வீட்டில் போனது திறமையால் போனதா, அதிர்ஷ்டத்தால் போனதா என்று யாரும் கேட்கவில்லை. 28 சதவீதம் வாங்கிய காலத்தில் எங்கள் தாலுகாவுக்கு ஒரு அறையும் ஆறு நாற்காலியும் வந்ததா? தடை வந்த வாரம் என் கணவரின் ஆப் மூடியது. மூன்றாவது வாரம் டெலிகிராமில் வேறு ஒரு பேரில் ஒரு லிங்க் வந்தது. நான்காவது வாரம் அவர் சட்டைப் பையில் மூணு நம்பர் துண்டுச் சீட்டு இருந்தது. கதவை அடைத்தார்கள், வேண்டியதுதான். அரிப்பு வீட்டுக்குள்ளேதான் இருக்கிறது.

மணலிப் பெண்ணை நான் சும்மா சொல்லவில்லை. பெண்களும் ஆடுகிறார்கள். மில் ஹாஸ்டலில், நைட் ஷிப்ட் முடிந்து தூக்கம் வராத நேரத்தில், ஐம்பது ரூபாயில் ஆரம்பிக்கிறார்கள். ஆண் ஆடினால் பாவம், பழக்கம். பெண் ஆடினால் குடும்பம் கெடுத்தவள். ஆண்கள் அறைக்கு அவள் போக முடியாது, மனைவிகள் அறைக்கும் போக முடியாது. நம் பெண்ணியம் குடித்த கணவனால் அடிபட்டவளைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறது. தன் கையாலேயே தோற்றவளுக்கு நம்மிடமும் பாய் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதனால் நாங்களே ஒரு பாயை விரித்தோம். நான்கு பேரோடு தொடங்கியது. ஒரு அக்காவின் தையல் அறை. ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டரை முதல் நான்கு வரை. சோறாக்கிப் பாத்திரம் கழுவிய பிறகு, மாலைத் தண்ணீர் வருவதற்கு முன்னால், எங்களுக்கு வாரத்தில் இருக்கும் ஒரே ஓட்டை அதுதான். தையல் கற்கிறோம் என்று வீட்டில் சொல்லிக்கொண்டு வரலாம். முதல் கூட்டத்திலேயே நான்கு விதி எழுதினோம். இங்கே யாரும் யாருக்கும் கடன் கேட்கவும் கொடுக்கவும் கூடாது. ஊரும் தெருவும் குலமும் கேட்கக் கூடாது. விட்டுவிடு என்றோ பொறுத்துக்கொள் என்றோ யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அவனுடைய கடனை இனி ரகசியமாக அடைப்பதில்லை.

நான்காவது விதிதான் கடினம். அடைத்தால் அடுத்த ஆட்டத்துக்கு வழிவிடுகிறோம். அடைக்காவிட்டால் வசூல்காரன் வாசலில் நிற்பான். மேலைநாட்டுக் குழுக்களில் ஒரு முறை உண்டு: பழைய உறுப்பினர்கள் இரண்டு பேர் கணவன் மனைவி இருவரையும் உட்கார வைத்து, எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதி, யாருக்கு மாதம் எவ்வளவு என்று திட்டம் போடுவார்கள். சாப்பாடும் வாடகையும் பள்ளிக் கட்டணமும் முதலில், கடன்காரர் பிறகு. நாங்கள் அதை எங்கள் கைக்கு ஏற்ப மாற்றிக்கொண்டோம். தவணை நோட்டின் பின்பக்கத்திலேயே எழுதுகிறோம். கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழக அரசு 2025-இல் கொண்டுவந்த சட்டத்தைப் பற்றி ஒரு வக்கீல் அம்மா வந்து சொல்லிக்கொடுத்தார். தாங்க முடியாத ராத்திரிக்கு 14416, அடி விழுந்தால் 181. இரண்டு எண்ணையும் பாபின் டப்பா மூடியில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

வெற்றிக் கதை என்று எழுதிக்கொள்ள வேண்டாம். ஒரு பெண் மூன்று கூட்டத்தோடு நின்றுவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்தவர் யார் என்று அவள் மாமியார் விசாரித்துவிட்டார். கேட்கக் கூடாது என்று விதி எழுதினால் சாதி பாயை விட்டு எழுந்துவிடாது. என் கணவர் எட்டு மாதம் ஆடாமல் இருந்து, தீபாவளி போனஸில் மறுபடி ஆடினார். அந்த ஞாயிறு நான் பேசவே இல்லை, உட்கார்ந்து மட்டும் இருந்தேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒரு அக்கா என் கையில் பிரிக்க வேண்டிய ஒரு பழைய ரவிக்கையைக் கொடுத்தார். இப்போது பதினோரு பேர் வருகிறோம். அவர்களில் ஒருத்தி ஆடியவள்.

நாங்கள் கேட்பது பெரிதில்லை. தர்மபுரியில் 1989-இல் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கின்றன. கணக்கு எழுத, வங்கிக்குப் போக அவர்களுக்குப் பயிற்சி கொடுத்த அரசு, சூதாட்டத்தைப் பற்றிப் பேசவும் ஒரு நாள் பயிற்சி கொடுக்கட்டும். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு மாதம் ஒரு ஞாயிறு மதியம் ஒரு அறையைத் திறந்து வைக்கட்டும். ராத்திரி ஏழு மணிக்கு வேண்டாம். போதை மீட்பு மையங்கள் சூதாட்டத்தைச் சேர்த்துக்கொள்ளட்டும், வீட்டாரை வாசலில் நிறுத்தாமல் உள்ளே கூப்பிடட்டும். பனியன் கம்பெனிகள் பிரசவ விடுப்புப் பலகைக்குப் பக்கத்தில் ஒரு காகிதம் ஒட்டட்டும். இதில் எதற்கும் நீதிமன்றம் போக வேண்டியதில்லை.

அதுவரை நம்மிடம் பாய் இருக்கிறது. அடுத்த செவ்வாய்க்கிழமை தவணைக்கு உட்காரும்போது, வசூல் தம்பி பைக்கை எடுத்துப் போன பிறகு ஐந்து நிமிடம் எழுந்திருக்காதீர்கள். எதற்காகக் கடன் வாங்கினேன் என்று ஒருத்தி உண்மையைச் சொல்லிப் பாருங்கள். இன்னொருத்தி சொல்வாள். எங்கள் சந்தில் அப்படித்தான் தொடங்கியது. மில் பஸ்ஸை அன்று இரண்டு பேர் விட்டுவிட்டோம், அரை நாள் சம்பளம் போனது. எங்கள் வீட்டில் போன பணத்தில் பிரயோஜனமாகப் போனது அது ஒன்றுதான்.